உடல் தானத்துக்குப் பிறகு தகனம் யார் பொறுப்பு? வாசகர் கேள்விகளுக்கு உடற்கூறியல் ஆசிரியரின் பதில்கள்

உடல் தானம் செய்வது எப்படி என்று சென்ற மாதம் இந்தப் பகுதியில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுச் செட்டிநாட்டு ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் பல, கொடுப்பதைப் பற்றிக் கேட்கவில்லை. கொடுத்த உடல் கடைசியில் எங்கே போகிறது, அதை யார் எரிக்கிறார்கள், எந்தச் சட்டத்தின்படி எரிக்கிறார்கள் என்றே கேட்கின்றன. முன்பெல்லாம் இந்தப் பக்கத்திலிருந்து உடலைக் கொடுக்க வேண்டுமென்றால் 1954-இல் தொடங்கிய மதுரை மருத்துவக் கல்லூரியைத்தான் நினைப்பார்கள். 2012-இல் சிவகங்கையிலும் 2017-இல் புதுக்கோட்டையிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்த பிறகு தொலைவு குறைந்துவிட்டது. அதனால் கேள்விகளும் நெருங்கி வந்திருக்கின்றன. உடற்கூறியல் துறையில் ஆசிரியராகவும் பிறகு துறைத் தலைவராகவும் இருந்தவன் என்ற முறையில், எனக்கு உறுதியாகத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் ஆத்தா காலமாகி ஒன்றரை ஆண்டு ஆகிறது. அவர்கள் விருப்பப்படி உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்தோம். வீட்டில் பதினாறாம் நாள் காரியமும் செய்துவிட்டோம். ஆனால் அஸ்தி கரைக்கவில்லையே என்பது மனத்தை அறுக்கிறது. மாணவர்கள் படித்து முடித்தபின் எஞ்சியதை எரிப்பார்களா, புதைப்பார்களா? அஸ்தியைக் கேட்கச் சட்டப்படி எங்களுக்கு உரிமை உண்டா?
— வாசகி, தேவகோட்டை

பதில்: அம்மா, முதலில் அந்த ஒன்றரை ஆண்டில் என்ன நடந்திருக்கும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். உடல் வந்து சேர்ந்ததும் தொடைத் தமனியின் வழியாக ஃபார்மலின், ஃபீனால், கிளிசரின் முதலியவை கலந்த திரவத்தைச் செலுத்திப் பதப்படுத்துவோம். பிறகு பதிவேட்டில் வரிசை எண் போட்டு, அதே எண் பொறித்த உலோகத் தகட்டைக் கால் கட்டைவிரலில் கட்டுவோம். அதன் பின் சில மாதங்கள் தொட்டியில் இருக்கும். வகுப்பு தொடங்கியதும் மேசைக்கு வரும். ஏறத்தாழ ஒரு கல்வியாண்டு முழுவதும் கை, மார்பு, வயிறு, கால், தலை என்று மாணவர்கள் பகுதி பகுதியாகப் படிப்பார்கள். முதல் நாள் உடலின் முன் நின்று உறுதிமொழி எடுத்துக்கொண்டுதான் கத்தியைத் தொடுகிறார்கள். இப்போதைய மருத்துவப் பாடத்திட்டமே அந்த உடலை ‘நம் முதல் ஆசிரியர்’ என்று பெயரிட்டு ஒரு பாடமாக வைத்திருக்கிறது.

படிப்பு முடிந்தபின் எஞ்சுவது, தசைநார்கள் ஒட்டிய எலும்புகளும் உலர்ந்த திசுக்களும்தாம். சில உறுப்புகளைக் கண்ணாடிச் சாடியில் இட்டுத் துறையின் அருங்காட்சியகத்தில் வைப்பதும், சில எலும்புகளைச் சுத்தம் செய்து கற்பிக்க வைத்துக்கொள்வதும் உண்டு. மீதியைத் தகனம் செய்வார்கள். சில இடங்களில் புதைப்பார்கள்.

இனிச் சட்டம். நம் மாநிலத்தில் இதற்கு அடிப்படை 1951-ஆம் ஆண்டின் தமிழ்நாடு உடற்கூறியல் சட்டம். அந்தச் சட்டத்தின் கவனமெல்லாம் உடல் கல்லூரிக்குள் எந்த வழியில் வரலாம் என்பதில்தான் இருக்கிறது. கல்லூரியை விட்டு அது எப்படி வெளியேற வேண்டும் என்பதற்கு வேறு சில சட்டங்களைத்தான் சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கிறது. எரிப்பதும் புதைப்பதும் உள்ளாட்சி அமைப்பு அனுமதித்த மயானத்தில்தான் நடக்க வேண்டும். ஊராட்சி என்றால் 1999-ஆம் ஆண்டின் மயான விதிகளும், நகரம் என்றால் நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டமும் அதைக் கட்டுப்படுத்துகின்றன. 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் மனிதத் திசு, உறுப்பு, உடற்பாகம் ஆகியவற்றை மஞ்சள் பைக்குள் சேர்த்து, எரிஉலைக்கு அனுப்பச் சொல்கின்றன. அந்த விதிகள் கல்வி நிறுவனங்களுக்கும் பொருந்தும் என்பதால், எஞ்சிய உடலையும் ‘கழிவு’ என்ற தலைப்பில் சேர்த்து மஞ்சள் பையில் அனுப்பிவிடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. இதில் என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: அறுவை அரங்கில் அகற்றிய குடல்வாலும், ஒரு தாய் தன் கையெழுத்திட்டுக் கொடுத்த உடலும் ஒன்றல்ல. இறந்தவரின் உடலுக்கும் கண்ணியம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் அரசியலமைப்பின் 21-ஆம் கூறைச் சுட்டிச் சொல்லியிருக்கிறது. அந்தக் கண்ணியத்தை மதிப்பதென்றால், மயானத்தில் தகனம் செய்வதே முறை.

முறையாக நடத்தும் துறையில், எஞ்சியவற்றிலிருந்து திரவத்தை நன்றாக வடியவிட்டு, உடலுக்கு ஒரு பை என்று தனித்தனியே கட்டுவார்கள். ஃபார்மலின் ஈரம் மிகுந்திருந்தால் எரியும்போது கண்ணையும் தொண்டையையும் கரிக்கும் புகை கிளம்பும். தகன மேடையில் வேலை செய்பவருக்கு அது கேடு. துறைத் தலைவர் கல்லூரி முதல்வர் வழியாக உள்ளாட்சி அமைப்புக்குக் கடிதம் அனுப்புவார். அதில் உடலின் எண், பெறப்பட்ட நாள், இறப்புப் பதிவின் விவரம் ஆகியவை இருக்க வேண்டும். தகனம் முடிந்ததும் தகன மேடையின் ரசீதைக் கல்லூரிப் பதிவேட்டில் அதே எண்ணுக்கு எதிரே ஒட்டி வைக்க வேண்டும்.

அஸ்தியைப் பெறுவது உறவினரின் உரிமை என்று நேரடியாகச் சொல்லும் சட்டப் பிரிவை நான் கண்டதில்லை. உங்கள் பிடிமானம் ஆத்தா கையெழுத்திட்ட படிவமும், உடலைப் பெற்றுக்கொண்டதற்குக் கல்லூரி தந்த சான்றும்தான். அவற்றின் நகல்களுடன் துறைத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: “இந்த எண்ணுள்ள உடலின் எஞ்சிய பகுதியைத் தகனம் செய்யும் நாளை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டுகிறோம், அஸ்தியில் ஒரு பிடி பெற்றுக்கொள்ள விரும்புகிறோம்” என்று இரண்டே வரி போதும். பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். இப்படிக் கேட்டு வந்த கடிதத்தை எந்த நல்ல துறைத் தலைவரும் தள்ளிவிட மாட்டார்.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் இருந்த ஒரு கல்லூரியில், ஆண்டு முடிவில் எல்லா மேசைகளின் மீதியையும் ஒரே தொட்டியில் கொட்டி, சாக்குகளில் அள்ளி அனுப்பிவிடுவார்கள். ஒரு நாள் ஒரு பெண்மணி கையில் சிறிய பித்தளைச் செம்புடன் வந்தார். செம்பின் வாயை மஞ்சள் துணியால் கட்டியிருந்தார். “எங்க அப்பச்சியோட அஸ்தி கொஞ்சம் வேணும்” என்றார். பதிவேட்டில் எண் இருந்தது. தகடும் மேசை இழுப்பறையில் கிடந்தது. ஆனால் அந்த எண்ணுக்குரியது எந்தச் சாக்கில் போனது என்று சொல்ல அந்தக் கட்டடத்தில் ஒருவரும் இல்லை. அவர் செம்பை மடியில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். பிற்பாடு எனக்குப் பொறுப்பு வந்த இடத்தில், மேசைக்கு ஒரு மூடியுள்ள வாளி வைத்தேன். அந்த மேசையில் அறுபட்ட கொழுப்புத் துணுக்குகூட அந்த வாளியில்தான் விழ வேண்டும். தகடு கட்டைவிரலிலிருந்து அவிழும் நாளில் வாளியின் கைப்பிடிக்கு மாற வேண்டும். செலவு என்று பார்த்தால் வாளியின் விலைதான்.

ஆத்தாவின் அஸ்தி கிடைத்தால் இராமேசுவரம் வரை போக வேண்டும் என்பதில்லை. அஸ்தி பூவான தலம் என்று பெயர் பெற்ற திருப்பூவணம் நம் மாவட்டத்திலேயே வையைக் கரையில் இருக்கிறது.

கேள்வி: உடலைக் கல்லூரிக்குக் கொடுத்ததால் எங்களிடம் மயான ரசீது இல்லை. அது இல்லாமல் இறப்புச் சான்றிதழ் தர முடியாது என்று உள்ளூர் அலுவலகத்தில் திருப்பி அனுப்புகிறார்கள். என்ன செய்வது?
— வாசகர், திருப்பத்தூர்

பதில்: 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி, வீட்டில் நடந்த மரணத்தைக் குடும்பத் தலைவரும், மருத்துவமனையில் நடந்ததை அதன் பொறுப்பு மருத்துவரும் 21 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். பதிவாவது மரணம், தகனம் அன்று. மயானக் காப்பாளரும் தகவல் தர வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்வதால், ரசீது கேட்கும் வழக்கம் அலுவலகங்களில் ஊறிவிட்டது. மரணக் காரணம் குறித்த மருத்துவரின் சான்றையும், உடலைப் பெற்றுக்கொண்டதாகக் கல்லூரி தந்த கடிதத்தையும் இணைத்து எழுத்து மூலம் விண்ணப்பியுங்கள். மறுப்பதானால் அந்த மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். 21 நாள் தாண்டினாலும் 30 நாளுக்குள் தாமதக் கட்டணத்துடன் பதியலாம். அதற்கு மேல் ஓராண்டுக்குள் என்றால் மாவட்டப் பதிவாளரின் எழுத்து அனுமதி வேண்டும். ஓராண்டையும் கடந்துவிட்டால், 2023-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, மாவட்ட ஆட்சியர் அல்லது கோட்டாட்சியர் நிலையிலான நடுவரின் உத்தரவு தேவைப்படும். ஆகவே தள்ளிப்போடாதீர்கள்.

இதன் மறுபக்கம் ஒன்று உண்டு. ஈராண்டு கழித்துக் கல்லூரி எஞ்சியதைத் தகனம் செய்யும்போது, மயானப் பதிவேட்டில் அதைப் புதிய மரணமாக எழுதிவிடக் கூடாது. கல்லூரியின் கடிதத்தில் பழைய இறப்புப் பதிவு எண் இருக்க வேண்டும் என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

கேள்வி: பேருந்து நிலையத்திலும் கோயில் வாசலிலும் இறந்துகிடக்கும் அநாதைகளின் உடல்களையும் கல்லூரிக்கு எடுத்துக்கொள்கிறார்களாமே? அவர்கள் யாரிடமும் சம்மதம் சொல்லவில்லையே. பிறகு உறவினர் தேடி வந்தால் என்ன ஆகும்?
— வாசகர், கோட்டையூர்

பதில்: எடுத்துக்கொள்வது உண்மை, சட்டமும் அனுமதிக்கிறது. 1951-ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்ததே அதற்காகத்தான். மருத்துவமனையிலோ சிறையிலோ பொது இடத்திலோ இறந்தவரை, விதித்த காலத்துக்குள் நெருங்கிய உறவினர் உரிமை கோரவில்லை என்றால், அந்த உடலை உரிய அதிகாரி கல்லூரிக்குக் கொடுக்கலாம்.

இந்த வழியின் வேர் பிரிட்டனில் இருக்கிறது. அங்கே உடல் கிடைக்காமல் கல்லறைகளைத் தோண்டித் திருடினார்கள். 1828-இல் எடின்பரோ நகரில் பர்க், ஹேர் என்ற இருவர் உடலை விற்பதற்காகவே பதினாறு பேரைக் கொன்றது வெளிவந்தது. அதன் பிறகு 1832-இல் வந்த உடற்கூறியல் சட்டம், ஏழைகள் விடுதியில் உரிமை கோருவாரின்றி இறந்தவர்களின் உடல்களை உடற்கூறியல் பள்ளிகளுக்குத் திருப்பிவிட்டது. திருட்டு நின்றது, பாரம் மட்டும் வறியவர் தலையில் இறங்கியது. நம் நாட்டில் 1836-இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா முதன்முதலாக உடலைக் கூறுபோட்டுக் கற்பித்த காலம் முதல், மேசைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் சம்மதம் கேட்கப்படாதவர்களே. அவர்களால்தான் நானும் படித்தேன். அதனால்தான் தானமாக வரும் ஒவ்வோர் உடலையும் பெரிதாக நினைக்கிறேன். அது ஒரு கேட்பாரற்றவரின் இடத்தை விடுவிக்கிறது.

இதில் பாதுகாப்பும் உண்டு. சந்தேகத்துக்குரிய மரணம் என்றால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-ஆம் பிரிவின்படி, அதாவது பழைய குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 174-ஆம் பிரிவுக்கு மாற்றாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பிரிவின்படி, காவல்துறை விசாரணை நடத்த வேண்டும். அத்தகைய உடலைக் கல்லூரி ஏற்கக் கூடாது. மற்ற உடல்களுக்கும் படம் எடுத்து, அடையாளங்களைக் குறித்து, உறவினரைத் தேடிய விவரம் கோப்பில் இருக்க வேண்டும். வீடற்றவர் இறந்தால் அவருடைய சமய வழக்கப்படி கண்ணியமான இறுதிச் சடங்கு பெறும் உரிமை உண்டு என்று ஆஷ்ரய் அதிகார் அபியான் வழக்கில் 2002-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதை மதிக்கும் கல்லூரி, இன்னாரென்று தெரியாத உடலைப் பதப்படுத்திய பின்பும் உடனே மேசைக்குக் கொண்டுவராமல் சில மாதங்கள் தொட்டியிலேயே காத்திருக்க வைக்கும். தேடி வருகிறவருக்கு முகம் காட்ட அந்த மாதங்கள்தாம் உதவும். எஞ்சியதை எரிக்கும் நாளிலும் இவர்களுக்கு எண்ணும் பையும் ரசீதும் தனித்தனியாகவே இருக்க வேண்டும். உறவினர் இல்லை என்பதற்காக ஒரு வாளியைக் குறைக்கக் கூடாது.

கேள்வி: எங்கள் வீட்டு மேல்மாடியில், பழைய இரும்புப் பெட்டிக்குப் பக்கத்தில், ஒரு கோணிப்பை முப்பது ஆண்டுகளாக இருக்கிறது. மருத்துவம் படித்த என் மைத்துனர் வாங்கி வைத்த மனித எலும்புகள் அதில் உள்ளன. அவர் இப்போது இல்லை. வீட்டைப் பங்கு பிரிக்கப்போகிறோம். பங்காளிகள் ஆற்றில் போட்டுவிடலாம் என்கிறார்கள். செய்யலாமா?
— வாசகர், பள்ளத்தூர்

பதில்: தயவுசெய்து ஆற்றில் போடாதீர்கள், கண்மாயிலும் போடாதீர்கள், தோட்டத்திலும் புதைக்காதீர்கள். கோடையில் தண்ணீர் வற்றியதும் மாடு மேய்ப்பவர் ஒருவர் மண்டையோட்டைப் பார்ப்பார். காவல் நிலையத்துக்குத் தகவல் போகும். ‘அடையாளம் தெரியாத எலும்புக்கூடு’ என்று விசாரணை தொடங்கும். ஆணா பெண்ணா, வயது என்ன, இறந்து எத்தனை காலம் என்று தடய அறிவியல் ஆய்வுக்குப் போகும். கடைசியில் அது படிப்பு எலும்புதான் என்று தெரிய வரும். அதற்குள் உங்கள் குடும்பம் பட வேண்டியதைப் பட்டிருக்கும்.

அந்தக் காலத்தில் முதலாண்டு மாணவர்கள் எலும்புத் தொகுதியை ‘போன் செட்’ என்று மூத்த மாணவர்களிடமிருந்து வாங்குவதும், படித்து முடித்ததும் அடுத்தவருக்கு விற்பதும் சாதாரணம். கல்கத்தாவிலிருந்து வெளிநாடுகளுக்கே கப்பல் கப்பலாக எலும்புக்கூடுகள் போன காலம் அது; 1985-இல்தான் நம் அரசு அந்த ஏற்றுமதியைத் தடை செய்தது. ஆகையால் உங்கள் மைத்துனர் தவறு செய்தார் என்று நினைக்க வேண்டாம். ஆனால் அந்தக் கோணிப்பையில் இருப்பது ஒரு மனிதர். பெரும்பாலும் சம்மதம் கேட்கப்படாத ஒரு மனிதர். பங்கு பிரிக்கும் சாமான்களில் அது ஒன்றல்ல. விற்கவும் கூடாது, அலங்காரத்துக்கு வைக்கவும் கூடாது.

பையைப் பகலில், நல்ல வெளிச்சத்தில் ஒரு பழைய வேட்டியை விரித்து அதன் மேல் பிரியுங்கள். படிப்பு எலும்புகளைப் பார்த்ததுமே அடையாளம் தெரியும். மண்டையோட்டின் மேல்மூடி இரம்பத்தால் அறுக்கப்பட்டு, பக்கத்தில் சிறு கொக்கி மாட்டியிருக்கும், நீள எலும்புகளில் தசை பற்றும் இடங்களைச் சிவப்பு, நீல வண்ணத்தால் கோடிட்டிருப்பார்கள், எழுத்துகள்கூட இருக்கலாம். படம் எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை எலும்புகள், யார் வாங்கியது, எந்த ஆண்டுகளில் படித்தார், அவருடைய பட்டச் சான்றின் நகல் ஆகியவற்றுடன் அருகிலுள்ள மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறைத் தலைவருக்கு எழுதுங்கள். துறை பெற்றுக்கொண்டால் கையெழுத்துடன் ரசீது வாங்குங்கள். கற்பிக்க உதவும் நிலையில் இருந்தால் வைத்துக்கொள்வார்கள். பொடிந்துபோயிருந்தால் மற்ற மீதிகளுடன் முறைப்படி தகனத்துக்கு அனுப்புவார்கள். நீங்களே நேராகத் தகன மேடைக்குக் கொண்டுபோனால், யாருடைய எலும்பு, எப்படி இறந்தார் என்ற கேள்விக்கு உங்களிடம் தாள் இல்லை. அங்கே ஏற்க மாட்டார்கள், ஏற்கவும் கூடாது. வண்ணக் கோடும் கொக்கியும் எதுவும் இல்லாமல், மண் ஒட்டிய எலும்பாக இருந்தால் மட்டும் ஒன்றையும் தொடாமல் காவல் நிலையத்துக்குத் தெரிவியுங்கள்.

பையைக் கட்டி அனுப்புமுன் முகப்பில் ஒரு விளக்கேற்றி வைக்கலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் ஆச்சி ஒருவர் கேட்டிருந்தார். தாராளமாக ஏற்றுங்கள், ஆச்சி.

கேள்வி: சர்க்கரை நோயால் என் தந்தையின் காலை முழங்காலுக்குக் கீழே அகற்றப்போகிறார்கள். அகற்றிய காலை நாங்கள் வாங்கி எரிக்கலாமா?
— வாசகர், காரைக்குடி

பதில்: இது கற்பித்தலுக்கு வந்த உடல் அன்று, 2016-ஆம் ஆண்டு விதிகள் நேரடியாகப் பொருந்தும் மருத்துவமனைப் பொருள். மஞ்சள் பையில் இட்டு, 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்காமல் எரிஉலைக்கு அனுப்பும் பொறுப்பு மருத்துவமனையுடையது. சமய நம்பிக்கையால் வேண்டும் என்று நினைத்தால், அறுவைக்கு முன்பே, சம்மதப் படிவத்தில் கையெழுத்திடும் நேரத்திலேயே எழுதிக் கேளுங்கள். அறுவை முடிந்தபின் கேட்டால் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

கேள்வி: இங்கிலாந்தில் மருத்துவராக இருந்த என் சித்தப்பா தம் உடலை அங்குள்ள மருத்துவப் பள்ளிக்கு எழுதி வைத்து இறந்தார். தகனத்தைப் பள்ளியே செய்ய வேண்டுமா, குடும்பம் செய்கிறதா என்று கேட்டு இப்போது சித்திக்குக் கடிதம் வந்திருக்கிறது. அஸ்தியைக் கானாடுகாத்தானுக்குக் கொண்டுவர விரும்புகிறோம்.
— வாசகி, கானாடுகாத்தான்

பதில்: அங்கே நடைமுறை நம்மைவிடத் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. 2004-ஆம் ஆண்டின் மனிதத் திசுச் சட்டத்தின்படி, உடற்கூறியல் ஆய்வுக்கு இறந்தவர் தாமே உயிரோடிருக்கும்போது சாட்சியுடன் எழுத்தில் சம்மதம் தந்திருக்க வேண்டும். மனைவியோ மகனோ பிறகு அவருக்காகச் சம்மதிக்க முடியாது. கேட்பாரற்ற உடல் என்ற வழியே அங்கே இப்போது இல்லை. 1832-இல் அந்த வழியைத் திறந்த நாடே அதை மூடிவிட்டது என்பதை நம் சட்டமன்றமும் ஒரு நாள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தகனத்துக்கு, இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் 2008-ஆம் ஆண்டின் தகன ஒழுங்குமுறைகள் பொருந்தும். ஸ்காட்லாந்துக்குச் சட்டம் வேறு. உடற்கூறியல் ஆய்வு முடிந்த உடலுக்கென்றே அந்த ஒழுங்குமுறையில் தனிச் சான்றுப் படிவம் வைத்திருக்கிறார்கள். பள்ளியின் பொறுப்பாளர் அதில் கையெழுத்திட்டுத் தர வேண்டும். சில பாகங்களை நீண்ட காலம் வைத்துக்கொள்ளச் சித்தப்பா சம்மதித்திருந்தாரா என்று அவருடைய படிவத்தில் பார்க்கச் சொல்லுங்கள். சம்மதித்திருந்தால் அஸ்தி முழு உடலினுடையதாக இராது; இதைச் சித்திக்கு முன்பே மெல்லச் சொல்லிவைப்பது நல்லது.

பள்ளியே தகனம் செய்யட்டும் என்றாலும், அஸ்தி வேண்டும் என்று பதில் கடிதத்தில் தெளிவாகக் குறிக்கச் சொல்லுங்கள். கொண்டுவரும்போது இறப்புச் சான்று, தகனச் சான்று, கலயத்தில் அஸ்தியன்றி வேறொன்றும் இல்லை என்று இறுதிச் சடங்கு நிறுவனம் தரும் கடிதம் ஆகியவை கைப்பையில் இருக்க வேண்டும். இலண்டனிலுள்ள இந்தியத் தூதரகத்திடமும் விமான நிறுவனத்திடமும் முன்கூட்டியே கேட்டு, அவர்கள் சொல்லும் தாள்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உலோகக் கலயம் சோதனைக் கருவியில் ஊடுருவித் தெரியாது. பயணத்துக்கு மரமோ நெகிழியோ வசதி.

கேள்வி: எனக்கு வயது 74. உடல் தானம் செய்ய முடிவு செய்து படிவம் வாங்கிவிட்டேன். மனைவிக்குச் சம்மதம். சிங்கப்பூரிலுள்ள மகன், “அப்பச்சிக்குக் கொள்ளி வைக்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லையா?” என்று வருந்துகிறான். நான் எழுதி வைத்தால் அவன் அதைத் தடுக்க முடியுமா? படிவத்தில் வேறென்ன எழுத வேண்டும்?
— வாசகர், புதுவயல்

பதில்: நீதிமன்றம் யார் பக்கம் நிற்கும் என்பதற்கு அண்மைய எடுத்துக்காட்டு கேரளத்தில் இருக்கிறது. மார்க்சிஸ்ட் கட்சித் தலைவர் எம்.எம். லாரன்ஸ் 2024 செப்டம்பரில் இறந்தபோது, உடலைக் கல்லூரிக்குத் தர வேண்டும் என்பது தந்தையின் வாய்மொழி விருப்பம் என்று மகன் சொன்னார். மகள் சமய முறைப்படி அடக்கம் வேண்டும் என்று வழக்குத் தொடர்ந்தார். கேரள உயர் நீதிமன்றம் தானத்தை உறுதி செய்தது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் மகளின் முறையீட்டைத் தள்ளிவிட்டது. ஆனால் அந்தத் தீர்ப்பு வரும்வரை அந்த உடல் நான்கு மாதங்கள் பிணவறையில் காத்துக்கிடந்தது என்பதையும் எண்ணிப் பாருங்கள். அதோடு அது கேரளச் சட்டத்தின்படி நடந்த வழக்கு. நம் ஊரில் நடைமுறை என்னவென்றால், உடலைக் கொண்டுவந்து ஒப்படைத்துக் கையெழுத்திட நெருங்கிய உறவினர் வேண்டும். குடும்பத்தில் ஒருவர் வாசலில் நின்று மறுத்தால் பெரும்பாலான கல்லூரிகள் உடலை ஏற்கத் தயங்கும். எனவே மகனைச் சட்டத்தால் வெல்வதை விடுத்து, அவர் வருத்தத்துக்கு இடம் வைத்து எழுதுங்கள்.

அவர் கேட்பது கொள்ளி வைக்கும் கடமை. அது தள்ளிப்போகிறதே தவிர இல்லாமல் போவதில்லை. அச்சிட்ட படிவத்தில் இதற்கு இடம் இருக்காது; தனித் தாளில் எழுதி, இரண்டு சாட்சிகளுடன் நீங்களும் மனைவியும் மகனும் கையெழுத்திட்டு இணைத்துவிடுங்கள். எஞ்சிய உடலை மற்றவற்றுடன் கலக்காமல் தனியே வைக்க வேண்டும்; எலும்பையோ உறுப்பையோ நிரந்தரமாக வைத்துக்கொள்ளச் சம்மதமா இல்லையா; தகன நாளை மகனுக்குத் தெரிவிக்க வேண்டும்; தகன மேடையில் அவர் நின்று செய்ய வேண்டியதைச் செய்ய அனுமதிக்க வேண்டும்; அஸ்தியை அவரிடம் தர வேண்டும். இதில் எதற்குக் கல்லூரி உடன்படவில்லையோ அதை இப்போதே சொல்லிவிடும். நீங்கள் உயிரோடிருக்கும்போது தெரிந்துகொள்வது நல்லது. உடன்பட்டால் முத்திரையிட்ட நகல் ஒன்றை மகனுக்கு அனுப்புங்கள். உங்கள் எண்ணத்தைச் சொல்லிப் புரியவைப்பதைவிட, தம் பெயர் எழுதிய அந்தத் தாள் அவருக்கு ஆறுதல் தரும்.

இன்னொன்றையும் வீட்டில் சொல்லிவையுங்கள். எழுதி வைத்த எல்லா உடலையும் கல்லூரி ஏற்பதில்லை. விபத்தோ சந்தேக மரணமோ என்றாலும், பிரேதப் பரிசோதனை நடந்திருந்தாலும், எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமி, காசநோய் போன்ற தொற்று இருந்தாலும், உடல் கெடத் தொடங்கியிருந்தாலும் திருப்பிவிடுவார்கள். மூளைச்சாவு நேர்ந்து உறுப்பு தானம் செய்தாலும் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள். அது 1994-ஆம் ஆண்டின் வேறொரு சட்டத்தின்படி நடப்பது. கண்ணை மட்டும் தானம் செய்தால் தடையில்லை. அதற்கு ஆறு மணி நேரத்துக்குள் கண் வங்கிக்குத் தகவல் போக வேண்டும். கல்லூரி திருப்பிவிட்டால் அன்றைக்கே ஊர் மயானத்தில் தகனம் செய்யலாம் என்று அதே தாளின் கடைசி வரியாக எழுதிவிடுங்கள். உறவினர்கள் கூடியிருக்கும் வாசலில், அடுத்து என்ன என்று உங்கள் மனைவி யாரையும் கேட்டு நிற்க வேண்டியிராது.